சுவிஸ் 9 இரவு, மூன்று ஊரில் பழைய நண்பர்கள்: 8 நாள் பாஸ் எடுத்தே ஆக வேண்டுமா?

06.04.2024, பொள்ளாச்சிக்காரர்

செப்டம்பர் முதல் வாரம் நானும் வீட்டம்மாவும் சுவிஸ் போகிறோம். மொத்தம் 9 இரவு. கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள்: ஒருவர் சூரிச், ஒருவர் பாசல், ஒருவர் லோசான். சூரிச் நண்பர் வீட்டில் 6 இரவு, இன்டர்லாக்கன் பக்கம் ஓட்டலில் 3 இரவு. ரைன் அருவி, லூட்சர்ன், ஒரு பனிமலை. டிராவல்ஸ்காரர் "8 நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கிட்டா அங்க எல்லாமே ஃப்ரீ, அது இல்லாம யாரும் போறதில்ல" என்கிறார். இரண்டாம் வகுப்பு ஆளுக்கு 419 பிராங்க். சரிதானா?

06.04.2024 இரவு, கணக்குப்பிள்ளை

"எல்லாமே ஃப்ரீ" என்பது பொய். ரயில், பஸ், டிராம், ஏரிப் படகு ஃப்ரீ. அருங்காட்சியகங்கள் 500-க்கு மேல் ஃப்ரீ. மலைகளில் ரீகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் ஃப்ரீ. மற்ற மலைகளில் பெரும்பாலும் பாதிக் கட்டணம். நீங்கள் "ஒரு பனிமலை" என்று சொல்வது யுங்ஃபிராவ்யோக்காக இருந்தால் அந்தப் பாதிகூடக் கிடையாது. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும். அதற்கு மேலே 25% தள்ளுபடி, அவ்வளவுதான்.

இன்னொரு அட்டை இருக்கிறது, ஏஜெண்டுகள் வாய் திறக்க மாட்டார்கள்: சுவிஸ் ஹாஃப் ஃபேர் கார்டு. 120 பிராங்க், ஒரு மாதம் செல்லும். ரயில், பஸ், படகு, யுங்ஃபிராவ்யோக் உட்பட அநேகமாக எல்லா மலை ரயிலும் பாதி விலை.

உங்கள் திட்டத்துக்கு ஆள் ஒன்றுக்கு, பாதி விலையில், தோராயமாக:

சூரிச்–லூட்சர்ன் போய்வர 27
ரைன் அருவி போய்வர 26
பாசல் போய்வர 36
சூரிச்–இன்டர்லாக்கன் 37, திரும்ப 37
யுங்ஃபிராவ்யோக் (இன்டர்லாக்கனிலிருந்து போய்வர) 125
அட்டை 120

கூட்டினால் 408. சூரிச் நகர டிக்கெட்டுக்கு இருபது சேர்த்தால் 430-க்குள். பாஸ் எடுத்தால் 419, அதோடு மலைக்கு எப்படியும் 150-க்கு மேல். 570 ஆகும். ஆளுக்கு 140 பிராங்க் மிச்சம். இரண்டு பேருக்கு 280.

07.04.2024, கணக்குப்பிள்ளை

மேலே ஒரு ஓட்டை. லூட்சர்ன் வரை போகிறவர் மரப்பாலத்தையும் சிங்கச் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார், ரீகி ஏறுவார். ஏற வேண்டும். பாஸுக்கு அது முழுக்க ஃப்ரீ. ஹாஃப் ஃபேரில் படகும் மலை ரயிலும் சேர்த்து ஏறக்குறைய 60. ஆகவே 430 என்று எழுதியதை 490 என்று படிக்கவும். வித்தியாசம் 140 இல்லை, 80. இன்னமும் ஹாஃப் ஃபேர்தான்.

இன்னொன்றும் விட்டுப்போனது: 9 இரவு என்றால் காலண்டரில் 10 நாள். 8 நாள் பாஸ் தொடர்ச்சியான 8 நாளுக்கு மட்டும். மீதி இரண்டு நாளும் கைக்காசு.

07.04.2024, பொள்ளாச்சிக்காரர்

அப்ப பாஸ் யாருக்குத்தான்?

07.04.2024, கணக்குப்பிள்ளை

தினம் ஒரு ஊர் மாறுகிறவருக்கு. சூரிச்–லூட்சர்ன்–இன்டர்லாக்கன்–ஸெர்மாட்–ஜெனீவா என்று பெட்டியோடு சுற்றுகிறவருக்கு அது லாபம், நிம்மதியும்கூட: டிக்கெட் யோசனையே இல்லாமல் வண்டியில் ஏறலாம். நண்பர் வீட்டில் கட்டிலைப் போட்டுவிட்டுப் பகலில் போய்வருகிறவருக்கு அது தண்டம். சூரிச்சில் நண்பரோடு அரட்டை அடிக்கிற நாளுக்கும் சேர்த்துத்தானே 419 கொடுக்கிறீர்கள்? அன்று நீங்கள் ஏறுவது அதிகபட்சம் ஒரு டிராம்.

09.04.2024, கணக்குப்பிள்ளை

விசா பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே.

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போனால் வாங்க மாட்டார்கள். செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரல்–மே சரியான நேரம். ஜூலையில் போனால் நேர்முகத் தேதி கிடைக்காமல் தவிக்க வேண்டும். கட்டணம் 80 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லும்படி. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் உயிரோடு, இரண்டு பக்கம் காலியாக.

நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: இரவுக் கணக்கு. 9 இரவுக்கும் கூரை காட்ட வேண்டும். 6 இரவுக்கு அழைப்புக் கடிதம், 3 இரவுக்கு ஓட்டல் பதிவு, தேதிகள் ஒன்றையொன்று மிதிக்காமல், இடைவெளியும் விழாமல். கடிதத்தில் நண்பரின் முகவரி, உங்களுக்கும் அவருக்கும் என்ன பழக்கம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி, உங்கள் இருவரின் பாஸ்போர்ட் எண்கள். கூடவே அவருடைய வதிவிட அனுமதி அட்டையின் நகல். "என் நண்பர், நல்லவர்" என்று மட்டும் எழுதி அனுப்பும் கடிதத்தால் பயனில்லை.

கையில் பணம்: நாளொன்றுக்கு ஆளுக்கு 100 பிராங்க் என்பது சுவிஸ் அதிகாரிகள் பார்க்கிற அளவு. உங்கள் வங்கிக் கணக்கு அதைத் தாங்கவில்லை என்று தோன்றினால் நண்பரிடம் 30,000 பிராங்குக்குப் பொறுப்பேற்புப் பத்திரம் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்பதில்லை. கேட்காமலே எழுதித் தரச் சொல்லி நண்பரை மிரட்ட வேண்டாம்.

09.04.2024, கணக்குப்பிள்ளை

நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. டிக்கெட்டில் குடும்பப்பெயர் கட்டாயம் என்பதால் சில விமான நிறுவனங்கள் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், சில வேறு முறை வைத்திருக்கும். வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. துபாய் வழியாகப் போய் நடுவில் இரண்டு நாள் வெளியே சுற்றலாம் என்று ஆசை இருந்தால்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் சுற்றுலா விசாவில் அனுமதி தருவதில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப்போவது வேறு கதை.

14.04.2024, பேர்ண்வாசி

புதுவருச வாழ்த்து எல்லாருக்கும். கணக்குப்பிள்ளை கணக்கெல்லாம் சரி. ஆனால் சிநேகிதர் வீட்டில தங்கப் போறவைக்கு ஒருத்தரும் சொல்லாத விசயங்கள் கொஞ்சம் இருக்கு.

ஒண்டு, உடுப்புத் தோய்க்கிறது. கனக்கக் கட்டிடங்களில மெசின் வீட்டுக்குள்ள இல்லை, நிலவறையில பொதுவா ஒண்டுதான். ஆளாளுக்கு நாள் குறிச்சிருக்கும். சில இடங்களில ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் முறை வரும். ஆறு நாள் இருந்து கடைசி நாள் "ரெண்டு பேற்றையும் ஒருக்காப் போட்டுத் தாறீங்களோ" எண்டு கேட்டால் உங்கட சிநேகிதர் பக்கத்து வீட்டுக்காரியிட்டைப் போய்க் கெஞ்ச வேணும். வந்த அண்டைக்கே எப்ப முறை எண்டு கேளுங்கோ.

ரெண்டு, குப்பை. கடைப் பையில கட்டி வைக்கேலாது. ஊருக்கு ஊர் வரி கட்டின பை இருக்கு, அதுக்குள்ளதான் போட வேணும். பை விலை கூட. அதாலதான் போத்தல், கடதாசி, தகரம் எல்லாம் பிரிச்சு வைப்பினம். போத்தலை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் போடக் கூடாது, உடையிற சத்தம் எண்டு.

மூண்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது. இருபது வருசத்துக்குப் பிறகு சந்திச்சவை பாட்டுப் பாடத்தான் செய்வீங்கள். யன்னலைச் சாத்திப்போட்டுப் பாடுங்கோ.

14.04.2024, கணக்குப்பிள்ளை

இது தங்கம். என்ன கொண்டுவரலாம், கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். "கறிவேப்பிலை கொண்டா" என்று அந்த மூன்று பேரும் கேட்டிருப்பார்கள்.

15.04.2024, பேர்ண்வாசி

கறிவேப்பிலை வேண்டாம். பச்சை இலை, பழம், மரக்கறி, விதை எல்லாத்துக்கும் ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வந்தால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேணும். அதில்லாமல் பிடிபட்டால் பறிப்பினம். முருங்கைக்காய், மாம்பழம் அப்பிடித்தான். விதிவிலக்கு அஞ்சு பழத்துக்கு: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், தூரியான். இறைச்சியும் பால் பொருளும் ஒரு துண்டும் ஏலாது. கருவாட்டையும் விட்டுட்டு வாங்கோ, அது வேற விதி. மணத்துக்குப் பெட்டி முழுக்கத் திறக்க வேண்டி வரும்.

15.04.2024, கணக்குப்பிள்ளை

அதாவது: தேங்காய் போகும், பால்கோவா போகாது. நெய் மைசூர்பாகும் பால் பொருள் கணக்கில்தான். மோர்மிளகாயில் மோர் இருக்கிறதே என்று யாராவது வாதம் பண்ணுவதற்கு முன்: அதையும் விட்டுவிடுங்கள், சுங்க அதிகாரிக்கு மோர்மிளகாயை விளக்கிச் சொல்லும் ஜெர்மன் யாரிடமும் இல்லை. முறுக்கு, கடலை மிட்டாய், அப்பளம், மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, பனங்கருப்பட்டி தாராளமாக. பொடி வகைகளைக் கடையில் ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள். வீட்டில் அரைத்து டப்பாவில் போட்டால் ஒவ்வொன்றும் என்ன என்று கேட்பார்கள்.

அன்பளிப்புகளின் மதிப்பு ஆளுக்கு 300 பிராங்க் வரை வரி இல்லை.

20.04.2024, பொள்ளாச்சிக்காரர்

மூன்று நண்பர்களையும் ஒரே நாளில் ஒன்றாகப் பார்க்க முடியுமா? யார் ஊருக்கு யார் போவது என்று வாட்ஸ்அப்பில் சண்டை.

20.04.2024, கணக்குப்பிள்ளை

சுவிஸ்காரர்கள் இந்தச் சண்டையை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். பதில்: ஓல்டன். சூரிச், பாசல், பேர்ன் மூன்றிலிருந்தும் சுமார் அரை மணி நேரம். சங்கம், கட்சி, கழகம் எதுவானாலும் அங்கேதான் கூடும். சுவிஸ் ஆல்பைன் கிளப் 1863-இல் தொடங்கப்பட்டதே ஓல்டன் ரயில் நிலைய உணவகத்தில்.

ஆனால் ஊர் சுற்ற வந்தவர்களுக்கு ஓல்டன் வேண்டாம். நம் ஊரில் விழுப்புரம் சந்திப்பில் பிக்னிக் வைப்பது மாதிரி. பேர்ன் பிடியுங்கள். சூரிச்சிலிருந்து ஒரு மணி, பாசலிலிருந்து ஒரு மணி, லோசானிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. உங்களுக்கு இன்னும் வசதி: அது இன்டர்லாக்கன் போகும் வழியிலேயே இருக்கிறது.

செய்யும் முறை: சூரிச்–இன்டர்லாக்கன் சாதாரண டிக்கெட் ஒன்று வாங்குங்கள். அந்த நாள் முழுவதும் செல்லும், நடுவில் பேர்னில் இறங்கிச் சுற்றிவிட்டு மாலை வண்டியில் தொடரலாம். பெட்டியை நிலைய லாக்கரில் போடுங்கள். "சூப்பர்சேவர்" என்று மலிவு டிக்கெட் கண்ணில் படும், அன்று அதைத் தொடாதீர்கள். அது குறித்த வண்டிக்கு மட்டும். இறங்கினால் போச்சு, பணமும் திரும்பாது. அரட்டை எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாத நாளில் நேரம் கட்டிய டிக்கெட் வாங்குகிறவர் நண்பர்களை அறியாதவர்.

21.04.2024, பேர்ண்வாசி

எங்கட ஊரைப் பற்றி ரெண்டு வரி. பழைய நகரம் முழுக்க வளைவு நடைபாதை, மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். மணிக்கூட்டுக் கோபுரப் பொம்மையள் மணி அடிக்கிறதுக்குச் சில நிமிசம் முதலே ஆடத் தொடங்கும், சரியா மணிக்குப் போனால் முடிஞ்சிருக்கும். கரடிப் பூங்கா பார்க்கக் காசில்லை. மேல ரோஜாத் தோட்டத்தில ஏறினால் ஆறு வளைஞ்சு நகரத்தைச் சுத்திறது வடிவாத் தெரியும்.

ஒய்ரோப்பாபிளாட்ஸில "சமயங்களின் இல்லம்" இருக்கு, 2014 டிசம்பரில திறந்தது. ஒரே கூரைக்குக் கீழ சிவன் கோயில், பள்ளிவாசல், பௌத்த நிலையம், தேவாலயம். கோயிலில பூசை தமிழில. பேர்ண் நிலையத்திலயிருந்து எஸ்-பான் எண்ட புறநகர் வண்டியில சில நிமிசம்தான்.

21.04.2024, பொள்ளாச்சிக்காரர்

பேர்ன் ஆற்றில் எல்லோரும் மிதந்துகொண்டு போகும் வீடியோ பார்த்தோம். நாங்களும்?

21.04.2024, பேர்ண்வாசி

பவானியில நீந்தினனான் எண்டு சொல்லிக்கொண்டு இறங்காதேங்கோ. ஆரே ஆறு பனிமலைத் தண்ணி. செப்டம்பரில பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழதான். வேகம் கூட. முறை இதுதான்: மார்ட்சீலி நீச்சல் குளத்தில (உள்ள போகக் காசில்லை) உடுப்பை வைச்சிட்டுக் கரையால மேல நடக்கிறது, அங்க இறங்கி மிதந்து வாறது. கரையில சிவப்புக் கம்பியள் இருக்கும். வெளியேறுற இடத்துக்குக் கனக்க முதலே கரைப் பக்கம் ஒதுங்கிப்போட்டு, கம்பியைப் பிடிச்சு ஏற வேணும். ஒண்டைத் தவறவிட்டால் எதிர்த்து நீந்தாதேங்கோ, அடுத்ததைப் பிடியுங்கோ. மார்ட்சீலிக்குக் கீழ தடுப்பணை இருக்கு, அதுக்கு முதல் கட்டாயம் ஏற வேணும். ஆத்தில நல்லா நீந்தத் தெரிஞ்ச உள்ளூர் ஆள் பக்கத்தில இல்லையெண்டால் கரையில இருந்து காலை நனையுங்கோ.

03.05.2024, கணக்குப்பிள்ளை

பனிமலை எது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

யுங்ஃபிராவ்யோக்: நிலையம் 3454 மீட்டரில். 1912 ஆகஸ்ட் 1 அன்று திறந்த ரயில், ஐகர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஏறுகிறது. ஏறும்போது கிரிண்டல்வால்ட் டெர்மினலிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் (2020 டிசம்பரில் வந்தது, 15 நிமிடத்தில் ஐகர் பனியாற்று நிலையம்), இறங்கும்போது கிளைனெ ஷைடெக்–வெங்கன்–லவுட்டர்புருன்னன் வழி. ஒரே டிக்கெட்டில் இரண்டு வழியும் பார்க்கலாம், கேட்டு வாங்குங்கள். சுரங்கத்துக்குள் ஐஸ்மேர் நிறுத்தத்தில் 5 நிமிடம் வண்டி நிற்கும், இறங்கிக் கண்ணாடி வழியாகப் பனியாற்றைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கோடையில் இருக்கை முன்பதிவு தனியாக 10 பிராங்க்.

மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வண்டியிலிருந்து இறங்கியதும் செல்ஃபிக்காக ஓடுகிறவர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மெதுவாக நட, தண்ணீர் குடி, கிறுகிறுத்தால் உட்கார். சரியாகவில்லை என்றால் அடுத்த வண்டியில் இறங்கு. வேறு வைத்தியம் இல்லை. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே போக வேண்டாம். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பொசுக்கும். காலில் பிடிப்புள்ள ஷூ. மேலே இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்று பாலிவுட் என்ற பெயரிலேயே இருக்கிறது, பனிமலையில் சாதமும் பருப்பும் தேடுகிற நம் பலவீனம் அவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

டிட்லிஸ்: மேல் நிலையம் 3020 மீட்டர். லூட்சர்னிலிருந்து எங்கெல்பெர்க் முக்கால் மணி, அங்கிருந்து கேபிள்கார். கடைசிப் பெட்டி சுற்றிக்கொண்டே ஏறும்; 1992-இல் அப்படி வந்த உலகின் முதல் பெட்டி. பனிதான் வேண்டும், ஐகர் சுரங்கம் தேவையில்லை என்றால் இதுவே போதும். விலை யுங்ஃபிராவ்யோக்கில் பாதிக்கும் குறைவு.

ரீகி: 1798 மீட்டர். செப்டம்பரில் பனி இருக்காது. ஆனால் ஒரு நாள் இனிமையாகக் கழிய வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். லூட்சர்னிலிருந்து படகில் ஃபிட்ஸ்நவ் ஒரு மணி நேரம். அங்கிருந்து பல்சக்கர ரயில், 1871-இல் ஐரோப்பாவிலேயே முதலாவது. நம் ஊட்டி ரயிலுக்கு அண்ணன். இறங்கும்போது வேறு பக்கம் ஆர்ட்-கோல்டவ், அங்கிருந்து நேரே சூரிச். ஜோடியில் ஒருவருக்கு உயரம் ஆகாது என்றால் கேபிள்காரே தொடாமல் போய்வரக்கூடிய மலை இது.

03.05.2024, கணக்குப்பிள்ளை

முக்கியமானதை விட்டுவிட்டேன். மலை டிக்கெட்டை ஊரிலிருந்தே தேதி குறித்து வாங்காதீர்கள். மேகம் மூடினால் பணம் திரும்பாது. இருநூறு பிராங்க் டிக்கெட்டுக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஒவ்வொரு மலைக்கும் நேரலைக் கேமரா உண்டு. காலை 6:30-க்கு ஓட்டல் கட்டிலிலேயே பாருங்கள். உச்சி தெளிவாக இருந்தால் உடனே கிளம்பு, பல் தேய்த்தால் போதும். கீழே ஊரில் மூடுபனி, மேலே பளிச் வெயில் என்பதும் நடக்கும், ஆகவே ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நல்ல நாளிலும் மதியத்துக்கு மேல் மேகம் திரளும். இன்டர்லாக்கன் பக்கம் 3 இரவு வைத்திருப்பது இதற்குத்தான்: மூன்றில் ஒரு காலையாவது வாய்க்கும்.

வாய்க்காத நாளுக்கு: ட்ரூம்மல்பாக். மலைக்குள்ளேயே விழும் பத்து அருவி, வினாடிக்கு 20,000 லிட்டர் வரை. லவுட்டர்புருன்னன் நிலையத்திலிருந்து 141 பஸ். மழையிலும் பார்க்கலாம், எப்படியும் உள்ளே நனைவீர்கள். பாஸ் இங்கே செல்லாது. 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விட மாட்டார்கள்.

05.05.2024, பொள்ளாச்சிக்காரர்

வீட்டம்மாவுக்கு ஒரு கொரியத் தொடரில் வரும் ஏரிக்கரைப் படகுத்துறை வேண்டுமாம்.

05.05.2024, கணக்குப்பிள்ளை

இசெல்ட்வால்ட். இன்டர்லாக்கன் ஓஸ்ட் (கிழக்கு) நிலையத்திலிருந்து 103 பஸ், இருபது நிமிடம். அந்தப் பலகைத் துறையில் காலை வைக்க ஆளுக்கு 5 பிராங்க், கதவு போட்டு வசூலிக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் ஊர்க்காரர்கள் செய்த ஏற்பாடு. பத்தடி தள்ளிக் கரையில் நின்றால் அதே ஏரி, அதே மலை, காசில்லை. ஆனால் இந்த விஷயத்தில் கணக்குப் பார்க்கிற கணவர் 5 பிராங்கை மிச்சம் பிடித்து அதைவிடப் பெரியதை இழப்பார். பஸ்ஸில் போய்ப் படகில் திரும்புங்கள்.

12.06.2024, கணக்குப்பிள்ளை

09.04 குறிப்பைத் திருத்துகிறேன். ஷெங்கன் கட்டணம் நேற்று, ஜூன் 11 முதல், 80-லிருந்து 90 யூரோ. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

02.07.2024, கணக்குப்பிள்ளை

போன், பணம், பிளக். வேகமாக.

சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. "ஐரோப்பா முழுவதும்" என்று விற்கும் சிம்மில் சுவிஸ் பெயர் தனியாக இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். ரைன் அருவி, பாசல் பக்கம் போன் தானாக ஜெர்மன் கோபுரத்துக்குத் தாவும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

ஃபாரெக்ஸ் அட்டையில் யூரோ ஏற்றாதீர்கள், பிராங்க் ஏற்றுங்கள். கடை இயந்திரம் "ரூபாயிலா, பிராங்கிலா" என்று கேட்டால் பிராங்க். ரூபாய் அமுக்கினால் மாற்று விகிதத்தில் அடிப்பார்கள்.

சுவரில் உள்ளது சுவிஸ் மூன்று ஓட்டை. நம் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் நுழையும். மூன்று உருண்டை முள் நுழையாது. ஜெர்மன் தடித்த உருண்டைப் பிளக்குக்கான மாற்றியும் நுழையாது, "ஐரோப்பா அடாப்டர்" என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

ஞாயிறு கடை கிடையாது. பெரிய ரயில் நிலையம், விமான நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். மலைக்கு ஞாயிறு, சாக்லேட்டுக்குச் சனி.

தண்ணீர் வாங்காதீர்கள். தெருக் குழாய் எல்லாம் குடிநீர், சூரிச்சில் மட்டும் 1,200-க்கு மேல். "கைன் ட்ரிங்க்வாஸர்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

02.07.2024, பேர்ண்வாசி

சாப்பாட்டுக் கடைக் காசைப் பற்றி: சிநேகிதர்மார் தங்களுக்குள்ள ட்விண்ட் எண்ட போன் செயலியில பிரிச்சு அனுப்பிப்போடுவினம். அது சுவிஸ் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான். உங்களிட்டை வாங்கவும் மாட்டினம். அதால ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முதலே சொல்லிவையுங்கோ, இண்டைக்கு நாங்கள் எண்டு. பில்லில சேவைக் காசு சேர்ந்துதான் இருக்கும், முழுத் தொகையாக்கிக் குடுத்தால் போதும்.

03.07.2024, கணக்குப்பிள்ளை

அந்தச் சாப்பாடு ஃபாண்ட்யூவாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பாலாடைக்கட்டிதானே, சைவம்தானே என்று தோன்றும். அதில் வெள்ளை வைன் ஊற்றித்தான் உருக்குவார்கள்: ஆளுக்கு 200 கிராம் கட்டிக்கு ஒரு டெசிலிட்டர் வைன், கடைசியில் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம். கொதித்தாலும் வாசம் போகாது. வைன் ஊற்றுவது போதைக்காக இல்லை, அதன் புளிப்பு இல்லாவிட்டால் கட்டி திரிந்து ரப்பராகிவிடும். குடிக்காதவர்கள் நண்பர் வீட்டில் செய்யச் சொல்லுங்கள். ஆப்பிள் சாற்றில் எலுமிச்சை பிழிந்து ஊற்றியும் உருக்கலாம். கடும் சைவர்களுக்கு இன்னொரு சிக்கல்: க்ருயேர் கட்டியை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலிலும் பன்றிக் கொழுப்பு அல்லது பேக்கன் இருக்கலாம், கேளுங்கள்.

சூரிச்சில் ஹில்ட்ல், 1898-இலிருந்து சைவம். பஃபேயில் தட்டை எடைபோட்டு விலை. சோற்றைக் குவிக்காதீர்கள், அங்கே சோறும் பனீரும் ஒரே விலை.

18.08.2024, கணக்குப்பிள்ளை

கிளம்பும் முன் ரயில் விஷயம், அபராதம் விழும் இடங்கள் மட்டும்.

வண்டி நகர்வதற்கு முன் டிக்கெட் செயலியில் வாங்கி முடித்திருக்க வேண்டும். ஓடிப்போய் ஏறி, உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே வாங்கினால் அது செல்லாத டிக்கெட். பரிசோதகர் நேரத்தைப் பார்ப்பார்.

ஜன்னலுக்கு மேலே மஞ்சள் கோடு ஓடினால் முதல் வகுப்பு. காலியாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள்.

ஹாஃப் ஃபேர் கார்டும் பாஸ்போர்ட்டும் சேர்ந்தே காட்ட வேண்டும். இருவருடையதும் ஒருவர் போனில் இருந்து, அவர் நண்பரோடு வேறு பெட்டியில் அரட்டையில் இருந்தால் மற்றவர் பாடு திண்டாட்டம்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட்டிலிருந்து கிளம்பும் மலையடி வண்டி ட்ஸ்வைலூட்சினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரிண்டல்வால்ட், மறு பாதி லவுட்டர்புருன்னன். பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள். இதுவே கணவன் மனைவி பிரிந்துபோவதற்குச் சுவிஸ்ஸில் மிக எளிய வழி.

சூரிச் மத்திய நிலையத்தில் 31–34, 41–44 நடைமேடைகள் தரைக்கு அடியில். மேலே 3–18-லிருந்து அங்கே போக 6, 7 நிமிடம் வையுங்கள். நண்பர் "ஸ்டேஷனில் நிற்கிறேன்" என்றால் எந்தத் தளத்தில் என்று கேளுங்கள்.

29.09.2024, பொள்ளாச்சிக்காரர்

இரண்டு பேருக்கும் ரசீதைக் கூட்டிப் பாதியாக்கினால் ஆளுக்கு 503. கணக்குப்பிள்ளை சொன்னது 490. மீதி 13-இல் 5 படகுத்துறை.

29.09.2024, கணக்குப்பிள்ளை

மிச்சம் 8?

30.09.2024, பொள்ளாச்சிக்காரர்

இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனது. அரட்டை.

16.12.2024, கணக்குப்பிள்ளை

இந்த இழையைப் பார்த்து அடுத்த ஆண்டு கிளம்புகிறவர்களுக்கு இரண்டு மாற்றம். 2025 ஜனவரி 1 முதல் அன்பளிப்பு வரம்பு 300 இல்லை, ஆளுக்கு 150 பிராங்க். இரண்டாவது, லவுட்டர்புருன்னன் பக்கம் ஸ்டெகல்பெர்க்கிலிருந்து முய்ரன் என்ற மலையூருக்கு நேராக ஏறும் புதிய கேபிள்கார் இந்த மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. சரிவு 159%, உலகிலேயே செங்குத்தானது. உயரம் ஆகாதவரைச் சொல்லாமல் ஏற்றாதீர்கள். அட்டை விலைகளையும் அந்த ஆண்டுக்குப் பார்த்து, 06.04 கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளவும். ரீகியை விட்டுவிடாமல்.

17.12.2024, பேர்ண்வாசி

எல்லாம் சரி, "பேர்ன்" இல்லை, "பேர்ண்".